குப்பைத்தொட்டியிலிருந்து குசினி வாசல் வரை

பொன்னுத்துரை அங்கிள் கோடு கீறுகிற அடிமட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார்.

பெட்டிக்குள் குவைத் நகரம் தெரிந்தது. ஈராக் படை பிடித்து ஏழு மாதமாக வைத்திருந்த தலைநகரத்தை மீட்கிற சண்டை. விமான நிலையப் பக்கம் யுத்தத் தாங்கிகள் சுட்டுக்கொண்டிருந்தன. எண்ணெய்க் கிணறுகள் எரிந்து வானம் கரியாகிக் கிடந்தது. வெளியே, ஸ்காபரோவின் கிழக்குக் கோடியில், ரூஜ் பக்கத்துத் தெருவில் முழங்கால் அளவு பனி. உள்ளே அங்கிள் யுத்தத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பாருங்கோ, இதுதான் கடல். தெற்காலை கிடக்கு. கப்பல்காரர் தெற்காலை வந்து இறங்குவினம். தரைப்படை மேலாலை வரும். நடுவிலை ஈராக்காரன் அம்பிட்டான் எண்டால் ஆள் சரி."

ஐயோ கடவுளே, கடல் தெற்கில் இல்லை! அந்த நகரத்துக்குக் கடல் வடக்கில். நான் சோபாவின் கரையில் இருந்து வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். ஆறு வருடம் அந்தக் கடலின் ஈரக்காற்றில் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டவள் நான். எந்தப் பக்கத்தால் காற்று வந்தால் வெள்ளைச் சட்டையில் தூசி படியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

ஆனால் ஒன்றைச் சொன்னால் இரண்டாவது கேள்வி வரும். அதற்குப் பயந்துதான் பேசாமல் இருந்தேன்.

நான் இருந்த வீடு

பொன்னுத்துரை அங்கிள் ஊரில் சேவையராக இருந்தவர். காணி அளந்து, எல்லைக்கல் போட்டு, அண்ணன் தம்பிகளின் வேலிச் சண்டைகளைத் தீர்த்து வைத்தே வயது போனவர். ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்காது. வீட்டு முற்றத்துப் பனியை எந்தக் கோணத்தில் அள்ள வேண்டும் என்றுகூடப் படம் கீறி வைத்திருந்தார்.

அவருடைய மனைவி மகேஸ்வரி அன்ரி. மேல்மாடியில் ஒரு சின்ன அறையை எனக்கு வாடகைக்குத் தந்தவர். அவர்களுக்கு ஒரே மகன், நேசன். மாணவனாக வந்து படித்து, கனடாக் குடியுரிமையும் எடுத்துவிட்டவர். தொலைபேசிக் கம்பனி ஒன்றுக்காக நிலத்துக்குக் கீழே ஓடுகிற கம்பிகளை ஒட்டுகிற வேலை. வேலைக்குக் கிட்டவென்று ரெக்ஸ்டேலில் அறை எடுத்து இருந்தார். சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவார்.

அந்தச் சனிக்கிழமைகளில் அன்ரி என்னை வேலைக்குப் போகவேண்டாம், நல்ல சட்டை போடு என்பார். விளங்காமல் இருக்க நான் என்ன குழந்தையா?

இந்தத் தொடரை வாசிக்கிறவர்களில் அவசரக்காரர் கனபேர் இருக்கிறீர்கள். போன கிழமைகூட ஒருவர் தொலைபேசி எடுத்து, "கலியாணம் நடந்ததோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ" என்று மன்றாடினார். சரி, சொல்லிவிடுகிறேன். நடந்தது. நேசன் இப்போதும் இதே மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு நான் எழுதப்போவது அந்தக் கதை இல்லை. இது ஜெசீமாவின் கதை.

ரைப்பிஸ்ட்

முதல்நாள் அறை பார்க்கப் போனபோது அன்ரி கேட்டார்.

"முந்தி எங்கை பிள்ளை இருந்தனீர்?"

"குவைத்திலை அன்ரி."

"அங்கை என்ன வேலை?"

"ஒஃபிசிலை. ரைப்பிஸ்ட்."

பொய். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொன்னேன். கண் ஒரு தரம்கூட இமைக்கவில்லை.

அதை உண்டாக்கியது நான் இல்லை, அம்மா. அரபு வீட்டில் வேலைக்கு நிற்கிற பிள்ளைக்கு எங்கள் ஊரில் யார் மாப்பிள்ளை தருவார்கள்? நான் விமானம் ஏறிய அடுத்த நாளே அம்மா ஒழுங்கை முழுக்க "பிள்ளைக்கு ஒஃபிஸ் வேலை" என்று சொல்லிவிட்டார். ஊரில் ஆறு மாதம் நான் தட்டெழுத்து வகுப்புக்குப் போனது அதற்குக் கைகொடுத்தது. பிறகு எனக்கே பழகிவிட்டது.

ஆனால் அந்தப் பொய்யைக் காப்பாற்றப் பட்டபாடு இருக்கிறதே! அன்ரி சமைத்து முடித்துக் குசினி கழுவுவார். மூலைக்குள் ஊத்தை அப்படியே நிற்கும். எனக்குக் கை துறுதுறுக்கும். ரைப்பிஸ்ட் எப்படி முழங்காலில் நின்று மூலை தேய்ப்பாள்? கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அன்ரி கட்டில் விரிப்பு மடிக்க உதவி கேட்டார். வேண்டுமென்றே கோணலாக மடித்துக் கொடுத்தேன். "பாவம், ஒஃபிசிலை இருந்த பிள்ளை, பழக்கமில்லை" என்று அன்ரி அதை வாங்கித் திருப்பி மடித்தார்.

என் இடத்தில் நின்றவள்

குவைத்தில் நான் இருந்த வீடு தஸ்மா என்ற பகுதியில். கடலுக்கும் இரண்டாம் வளைய வீதிக்கும் நடுவில், நகரத்தின் உள்ளுக்கேதான்.

தெருக்கோடியில் இரும்பால் செய்த பெரிய குப்பைத்தொட்டி ஒன்று இருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு அக்கம்பக்கத்து வீடுகளில் வேலைக்கு நிற்கிற பெண்கள் எல்லாரும் குப்பைப் பையோடு அங்கே வருவோம். பத்து நிமிடம் எங்களுக்கு. யாருக்குக் கடிதம் வந்தது, யாருக்கு அடி விழுந்தது, யாருடைய ஊரில் என்ன கலவரம், எல்லாம் அந்த நாற்றத்துக்குள் நின்றுதான் பேசினோம்.

ஜெசீமாவை அங்கேதான் சந்தித்தேன். கல்முனைப் பக்கத்துப் பிள்ளை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் நின்றாள். ஒரு வீட்டுக்கு வந்தவளை அக்கா வீடு, தங்கை வீடு என்று மூன்று வீட்டுக்கும் வேலை வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் இல்லாத நேரங்களில் குசினிக் கதவால் வருவாள். உள்ளங்கையால் இரண்டு தட்டு, பிறகு விரல் முட்டியால் ஒன்று. அதுதான் எங்கள் தட்டு. இரண்டு பேருமாக ஒரு தேத்தண்ணி குடிப்போம்.

ஆறாவது வருடம் எனக்குக் கனடாவுக்கு வர வழி பிறந்தது. வீட்டுக்கார அம்மா, நாங்கள் 'மடம்' (மேடம்) என்று கூப்பிடுகிறவர், விடவில்லை. கடவுச்சீட்டு மடத்தின் அறையில், இரும்பு அலுமாரிக்குள். "உன்னைப் போல ஒருத்தியை உன் இடத்தில் விட்டுவிட்டுப் போ" என்றார்.

நான் நேரே குப்பைத்தொட்டிக்குப் போனேன். ஜெசீமாவிடம் கேட்டேன். குப்பைப் பையோடேயே என்னைக் கட்டிப்பிடித்தாள். மூன்று வீட்டு வேலையிலிருந்து ஒரு வீட்டுக்கு வருகிறாள் அல்லவா, அவளுக்கு அது பெரிய விடுதலை. மடத்தின் புருஷன் பேசி அவளை எடுத்துத் தந்தார். அவளுடைய கடவுச்சீட்டு அலுமாரிக்குள் போனது, என்னுடையது வெளியே வந்தது.

பத்து நாள் அவளுக்கு எல்லாம் பழக்கினேன். எந்தக் குழாய் ஒழுகும், எந்தப் பிள்ளை பால் குடிக்காது, மடத்துக்குக் கோப்பி எவ்வளவு கசக்க வேண்டும், எல்லாம். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அலுமாரியின் சாவி மடத்தின் கைப்பையில் இருக்கும். ஆனால் இன்னொரு சாவியும் இருந்தது. ஒருநாள் தையல் மெசினின் ஊசி உடைந்து, வேறு ஊசி தேடி இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்தேன். அதன் அடிப்பக்கத்தில் ஒட்டுத்தாளால் ஒட்டியிருந்தது. கைபடாமல் அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். வேலைக்காரிக்குச் சாவி இருக்கிற இடம் தெரியும் என்றால், வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனாலும் அவள்தான் கள்ளி. எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு இரண்டு வருடம் இருந்தேன். வரும்போதும் அந்தப் பயம் விடவில்லை. ஜெசீமாவுக்குச் சொல்லி, அவள் வாய் தவறி யாருக்கும் சொல்லி, நான் விமானத்தில் ஏறமுதல் பிடித்துவிட்டால்? சொல்லாமல் வந்துவிட்டேன்.

அடுத்த வருடக் கோடையில் மடம் குடும்பத்தோடு விடுமுறைக்கு லண்டன் போனார். ஜெசீமா வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் ஈராக் படை வந்து நகரத்தைப் பிடித்தது. தொலைபேசிகள் செத்துப்போயின. நான் ஒரு கிழமை சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் குப்பைத்தொட்டிக் கூட்டத்தில் ஒருத்தி, பாலைவனத்தைக் கடந்து ஜோர்தான் போய்த் தப்பி வந்தவள், எழுதியிருந்தாள். 'ஜெசீமாவைக் கூப்பிட்டோம். பாஸ்போர்ட் இல்லாமல் எல்லையில் பிடிப்பார்கள் என்று பயந்தாள். அலுமாரியை உடைத்துக்கொண்டு வாடி என்றேன். மடத்தின் நகையும் உள்ளே கிடக்கிறது, உடைத்தால் நான் கள்ளி என்று அழுதாள். விட்டுவிட்டு வந்தோம்.'

அந்தக் கடிதத்தை நான் இங்கே வேலை செய்த கேக் தொழிற்சாலையில், பெட்டிகளுக்கு நடுவில் நின்று வாசித்தேன். அவளை அங்கே நிறுத்தியது நான். சாவி இருக்கிற இடம் தெரிந்தும் சொல்லாமல் வந்தது நான். அவள் செத்தால் அது என் பாவம். இதை மறைத்து மழுப்பி எழுத எனக்கு விருப்பமில்லை.

பெயர்ப்பலகை இல்லாத தெருக்கள்

இனி அங்கிளின் தொலைக்காட்சிக்கு வருவோம்.

நகரம் மீண்டது. பார்த்திருப்பீர்கள். கடற்கரை வீதியில் சனம் தாங்கிகளின் மேல் ஏறி நின்று கொடி ஆட்டியது. பெண்கள் குலவை இட்டார்கள். ஆம்பிளைகள் வந்த சிப்பாய்களின் கன்னத்தில் மாறி மாறிக் கொஞ்சினார்கள். அங்கிள் அடிமட்டத்தை மடியில் போட்டுவிட்டுக் கை தட்டினார். "நான் சொன்ன மாதிரியே முடிஞ்சுது!" என்றார். அவர் சொன்ன மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை.

நான் சந்தோஷப்படுகிற முகங்களை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிற வீடுகளைப் பார்த்தேன். யன்னல்களைப் பார்த்தேன். ஒரு யன்னல் சீலைக்குப் பின்னால் தெரிந்த முகம் ஜெசீமா மாதிரி இருந்தது. பிறகு எல்லா யன்னலிலும் அவள் மாதிரியே இருந்தது.

செய்தி வாசிக்கிறவன் ஒரு விஷயம் சொன்னான். பிடிக்க வந்த படைக்கு ஆட்களின் வீடு தெரியக்கூடாது என்று அந்த ஊர்ச் சனமே தெருப் பெயர்ப்பலகைகளையும் வீட்டு இலக்கங்களையும் கழற்றி எறிந்துவிட்டதாம். வந்தவன் வழி தெரியாமல் சுற்றியிருக்கிறான்.

"கெட்டிக்காரச் சனம்! ஆனால் சேவையர் வேலை செய்யிறவனுக்குத்தான் கஷ்டம்" என்றார் அங்கிள்.

அளவுத்திட்டம்

பங்குனி முடிகிற நேரம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். நேசன் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"அம்மா, எங்கட கம்பனியிலை எட்டுப் பேரைக் குவைத்துக்கு அனுப்பினம். அறுந்த லைன் எல்லாம் ஒட்ட வேணுமாம். நானும் போறன்."

அன்ரி நெஞ்சில் கைவைத்தார். அங்கிள் உலகப்படப் புத்தகத்தை எடுக்க ஓடினார். 

கேட்டால் என் வண்டவாளம் வெளியே வரும். கேட்காவிட்டால் ஜெசீமா? நான் அவ்வளவு நல்லவள் இல்லை. ஒரு கோப்பை பிளேன்ரீ ஆறுகிற நேரம் யோசித்தேன். பிறகு கேட்டேன்.

"நேசன், அங்கை எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் மாட்டுப்பட்டிருக்கு. ஒருக்காத் தேடிப் பாப்பியளோ?"

"ஓம், அட்ரஸ் தாங்கோ."

"அட்ரஸ் இருந்து என்ன செய்யிறது? பலகையெல்லாம் கழட்டிப்போட்டினம் அல்லோ. வழி கீறித் தாறன்."

அங்கிளுக்கு வாயெல்லாம் பல். கட்டம் போட்ட தாள், கூர்மையான பென்சில், அடிமட்டம் எல்லாம் மேசைக்கு வந்தன. நான் கீறத் தொடங்கினேன். அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வடக்கு எங்கை பிள்ளை?"

"மேலை. கடல் இருக்கிற பக்கம்."

"கடல் தெற்கிலை அல்லோ?"

"இல்லை அங்கிள், வடக்கிலைதான். நீங்கள் இவ்வளவு நாளும் பிழையாச் சொல்லுறியள்."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அளவுத்திட்டம் என்ன? இந்தக் கோடு எத்தனை யார் தூரம்?"

எனக்கு யார்க் கணக்குத் தெரியாது. கை கீறிக்கொண்டிருந்தது, வாய் தன்பாட்டில் சொன்னது.

"ரெண்டு கையிலும் குப்பைப் பை இருந்தால் ஐஞ்சு நிமிஷம்."

அன்ரி அடுப்படியில் கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். அகப்பை நின்றது.

அங்கிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சேவையராகவே வாசித்துக்கொண்டு போனார். "தொடக்கம் குப்பைத்தொட்டி. பிறகு ரொட்டிக் கடையின்ரை பின்பக்கம். பிறகு மதிலுக்கும் மதிலுக்கும் நடுவிலை ஒரு ஒழுங்கை. உடுப்புத் தோய்க்கிற குழாய். முடியிறது குசினி வாசல். ஒரு பெரிய றோட்டையும் காணேல்லை. முன் கதவை நீ கீறவே இல்லை பிள்ளை."

தாளைப் பார்த்தேன். உண்மைதான். ஆறு வருடம் இருந்த வீட்டுக்கு முன் கதவு கீற எனக்கு நினைவே வரவில்லை.

பென்சிலை வைத்தேன். இனி என்னத்தை ஒளிக்கிறது?

"ஓம் அங்கிள். நான் அங்கை ரைப்பிஸ்ட் இல்லை. அந்த வீட்டிலை வேலைக்கு நிண்டனான். சமைச்சது, கக்கூசு கழுவினது, பிள்ளையளைக் குளிப்பாட்டினது எல்லாம் நான்தான். இப்ப அந்த இடத்திலை நிக்கிற பிள்ளையை நான்தான் கொண்டுவந்து விட்டனான்."

அன்ரி அடுப்பை நிற்பாட்டினார். அகப்பையைக் கழுவித் தட்டில் வைத்தார். படியேறி மேலே போய்விட்டார். அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நேசன் என் பென்சிலை எடுத்தார். "முன் கதவு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காட்டினேன். தன் கையாலேயே ஒரு சின்னப் பெட்டி கீறினார். தாளின் அடியில் நான் எங்கள் தட்டை எழுதினேன். உள்ளங்கையால் இரண்டு, முட்டியால் ஒன்று, குசினிக் கதவில்.

சாவியைப் பற்றி எழுதவில்லை. அதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். நேசன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அன்ரியின் கோபம்

இரண்டு நாள் அன்ரி என்னோடு பேசவில்லை. நான் பெட்டி அடுக்கினேன். யூனியன்வில்லில் தெரிந்த ஒரு குடும்பத்தில் அறை இருக்கிறதா என்றும் கேட்டு வைத்தேன். போ என்று சொல்லமுதல் போய்விட வேண்டும். எனக்கும் ரோசம் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை குசினிக்குள் அன்ரி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பெட்டி அடுக்கிறியாம்?"

"ஓம் அன்ரி."

"நீ அரபு வீட்டிலை வேலைக்கு நிண்டது எனக்குப் பெரிசில்லை. என்ரை தங்கச்சி இப்பவும் லெபனானிலை என்ன செய்யிறாள் எண்டு நினைக்கிறாய்? நானும் சனத்துக்கு நேர்ஸ் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

அன்ரி விரலை நீட்டி ஊத்தை பிடித்த மூலையைக் காட்டினார்.

"எனக்கு ஆத்திரம் என்ன தெரியுமே? ஒண்டரை வருஷமா இந்த முழங்கால் நோவோடை நான் நிலம் தேய்க்கிறன். நீ கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டாயே, எடி கள்ளி! அந்த மூலையை ஒருக்காத் தேய்ச்சுக் காட்டு பாப்பம்."

தேய்த்துக் காட்டினேன். அன்ரி குனிந்து பார்த்தார். அன்றைக்கே பெட்டியை அவிழ்த்தேன். பொய் சொன்னதற்கு மட்டும் பிறகும் கனநாள் முறைத்துக்கொண்டே இருந்தார்.

உயிர் வந்த லைன்

நேசன் போய் மூன்று கிழமை. ஒரு செய்தியும் இல்லை. செய்தி அனுப்ப லைன் இருந்தால் அவர் ஏன் அங்கே போகிறார் என்று அங்கிள் நியாயம் சொன்னார். நியாயம் எனக்கு என்னத்துக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிபோலத் தொலைபேசி அடித்தது. அன்ரி எடுத்தார். கேட்டார். ரிசீவரை என் கையில் தந்தார்.

"தவமணி, நான் நேசன். இந்தத் தெரு லைனுக்கு இண்டைக்குத்தான் உயிர் வந்தது. வெளிநாட்டுக்கு ஒரு சோதனை அழைப்பு எடுக்க விட்டிருக்கினம். குசினிச் சுவரிலை கம்பியைக் கொழுவிக்கொண்டு வாசலிலை நிக்கிறன். பேசுங்கோ."

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு:

"தவமா?"

நான் அழுதேன். அழாமல் என்ன செய்வேன்? அங்கிள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அழாத புள்ள. நான் நல்லா இரிக்கன். ஒன்ட ஆளு மரியாதையா முன் கதவாலதான் வரணும் எண்டு ரெண்டு நாளா அதத் தட்டினாராம். நான் தொறக்கல்ல. ஏழு மாசமா அந்தக் கதவத் தட்டினவன் ஒருத்தனும் நல்லதுக்கு வரல்ல. இப்பயும் துவக்கோட வந்து அடையாள அட்டை கேட்டு ஆள் புடிக்கிறாங்க. பொறகு குசினிக் கதவுல நம்மட தட்டு கேட்டுச்சி. ரெண்டு, ஒண்டு. அல்லாஹ்வே, நீதான் வந்திட்டாய் எண்டு ஓடிப் போய்த் தொறந்தன்."

அவளே சொன்னாள். வீட்டு இலக்கத் தகட்டைக் கறி வெட்டுகிற கத்தியால் தானே நெம்பிக் கழற்றினாளாம். அக்கம்பக்கத்தார் மதிலுக்கு மேலால் மாவும் பருப்பும் தந்தார்களாம். மடத்தின் குடும்பம் இன்னும் லண்டனிலிருந்து திரும்பவில்லையாம்.

"சண்ட முடிஞ்ச நாள் மத்தியானமே இருட்டு. விளக்கு வெச்சித்தான் சோறாக்கினன். தெருவுல சுடுற சத்தம். ஈராக்காரனுகள் கண்ட கண்ட காரெல்லாம் எடுத்துக்கிட்டு ஓடினானுகள். பொறகு சனம் அல்லாஹு அக்பர் எண்டு தக்பீர் சொல்லிக்கிட்டு ரோட்டுல ஆடிச்சி. நான் யன்னல் சீலைக்குப் பின்னுக்கு நிண்டு பாத்தன். வெளிய போகல்ல. கையில ஒரு துண்டுக் கடதாசி இல்லாதவளுக்கு எவன் போனா என்ன, எவன் வந்தா என்ன, தவம்?"

இனித் தள்ளிப்போட முடியாது.

"ஜெசீமா, நீ எங்கை படுக்கிறனி?"

"தையல் அறையிலதான். வேற எங்க?"

"மெசின்?"

"தலமாட்டுல நிக்கி. ஏன்?"

"அதின்ரை கீழ் இழுப்பறையை முழுக்க வெளியிலை இழு. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார். போ."

தொலைபேசியை நிலத்தில் வைக்கிற சத்தம். செருப்புச் சத்தம். மரம் உரசி வருகிற சத்தம். நூற்கட்டைகள் கொட்டி உருண்டன.  இந்தப் பக்கம் அன்ரி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் திரும்பி வந்தபோது குரல் மாறிப்போயிருந்தது.

"இது அந்த அலுமாரிட சாவியா?"

"ஓம்."

"ஒனக்குத் தெரியுமா?"

"ஓம். நீ வர முதலே தெரியும். சொல்லப் பயந்து சொல்லாமல் வந்திட்டன். சொல்லியிருந்தால் மற்றவையோடை அண்டைக்கே நீ போயிருப்பாய். என்ரை பிழை, ஜெசீமா. முழுக்க என்ரை பிழை."

 கம்பிக்குள் காற்று மாதிரி ஒரு இரைச்சல். நான் காத்துக்கொண்டு நின்றேன். ஏசினால் ஏசட்டும், தொலைபேசியை வைத்தால் வைக்கட்டும்.

"பொறு. ஒனக்கு ஏசிறதுக்கு முன்ன எடுத்துக்கிட்டு வாறன்."

இரும்புக் கதவு கிரீச்சிட்டது. அந்தச் சத்தத்தை ஆறு வருடம் நான் பக்கத்து அறையில் நின்று கேட்டிருக்கிறேன். கனநேரம் எடுத்தாள். பிறகு கதவைச் சாத்திச் சாவியைப் பூட்டில் திருப்புகிற சத்தம் கேட்டது.

"பாஸ்போர்ட்ட எடுத்திட்டன். நகையில கை வைக்கல்ல. ஒன்ட ஆளு அறை வாசல்ல நிண்டு பாத்தவர், அவர் சாட்சி." மூச்சு வாங்கினாள். "தவம், இந்தப் படத்துல நான் எவ்வளவு சின்னப் புள்ள."

"ஓமடி."

"இந்தச் சாவியத் தலமாட்டுல வெச்சிக்கிட்டுப் படுத்திருக்கன். ஏழு மாசம். ஒன்ன நான் லேசுல உடமாட்டன். நேர்ல வந்து ஏசுவன். வயிறு நிறைய ஏசுவன்."

"வா. வந்து ஏசு."

"வருவன். இப்ப ஏலா. இந்தா, இவர்ட கையில குடுக்கன். நான் முன் கதவால ஒருக்கா வெளிய போய்ட்டு வாறன்."

நேசன் பேச வாயெடுத்தார். "பொறுங்கோ" என்றேன். அந்த முன் கதவின் அடிப்பக்கம் பளிங்கு நிலத்தில் உரசும். பித்தளைத் தாழ்ப்பாள் இரண்டு தரம் அடிக்கும். ஆறு வருடம் மற்றவர்களுக்காக நான் திறந்த கதவு அது, சத்தம் எனக்குத் தெரியாதா?

தாழ்ப்பாள் இரண்டு தரம் அடித்தது. கதவு உரசிக்கொண்டு திறந்தது. தெருச் சத்தம் உள்ளே வந்தது.

கதவு மூடுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவள் அதை மூடவில்லை.